ரத்த வாந்தி எடுத்த அப்பாவுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரையா? ரெண்டு டாக்டரும் ரெண்டு மாதிரி சொல்றாங்க

தண்டையார்பேட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. எங்கப்பாவுக்கு 57 வயசு, ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கணக்கு பாக்குறார். சுகர் பிபி ஒண்ணும் கிடையாது. கொஞ்ச நாளா இடது பக்கம் வயிறு கனமா இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டாலே ரொம்பிடுதுன்னு சொல்லிட்டு இருந்தார், நாங்களும் கேஸ்னு நினைச்சு விட்டுட்டோம். ஒரு நாள் நைட்டு திடீர்னு எழுந்து வாந்தி எடுக்கிறார், பாத்தா முழுக்க ரத்தம். 108க்கு போன் பண்ணி அட்மிட் பண்ணோம். எண்டோஸ்கோபி பண்ணி, உணவுக்குழாய்ல ரத்த நரம்பெல்லாம் வீங்கி இருக்கு, அதுல ஒண்ணு வெடிச்சிருக்குன்னு சொல்லி சின்ன ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி ரத்தத்த நிறுத்தினாங்க.

எல்லாரும் கேட்ட மொத கேள்வி "எத்தன வருஷமா குடிக்கிறார்?" தான். எங்கப்பா கல்யாண வீட்டுல கூட ஒரு சொட்டு தொட்டதில்ல. அதை நம்ப வைக்கவே பெரிய பாடு, சொந்தக்காரங்க இன்னும் நம்பல, அது வேற கதை. அப்புறம் லிவர் டெஸ்ட் எல்லாம் எடுத்தா நார்மல். சிடி ஸ்கேன்ல தான் லிவருக்கு போற பெரிய ரத்தக்குழாய்ல, போர்ட்டல் வெயின்னு சொன்னாங்க, அதுல பழைய ரத்தக்கட்டி அடைச்சிருக்கு, மண்ணீரல் ரொம்ப பெருசாயிருக்குன்னு வந்தது. அடுத்து ஜாக்2ன்னு மரபணு மாற்றத்த பாக்குற ஒரு ரத்த டெஸ்ட், அது பாசிட்டிவ். எலும்பு மஜ்ஜை டெஸ்டும் எடுத்துட்டு பாலிசைத்தீமியா வேரா, அதாவது மஜ்ஜை சிவப்பணுவ அளவுக்கு மீறி உண்டாக்குற வியாதின்னு சொல்லிட்டாங்க. ரத்தப் புற்றுநோய் வகைன்னு அவங்க சொன்னப்போ அம்மா அங்கயே உக்காந்துட்டாங்க.

இப்ப என் குழப்பம் இது தான். ரத்த டாக்டர் சொல்றார், இந்த வியாதில ரத்தம் உறையுற தன்மை அதிகம், இன்னொரு கட்டி வந்தா குடல் நரம்பு அடைச்சுக்கும், அதனால ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை ஆரம்பிக்கணும், அநேகமா ஆயுசுக்கும் போடணும்னு. வயித்து டாக்டர் கிட்ட போனா, இப்ப வேணாம்மா, இன்னும் ரெண்டு நரம்பு பெருசா இருக்கு, பேண்டிங் முடியட்டும், அது வரைக்கும் நரம்போட அழுத்தத்த குறைக்கிற கார்வெடிலால் மாத்திரை மட்டும் போடுங்கன்னு சொல்றார். பெரியப்பா வீட்டுக்கே வந்து, ரத்தம் கக்கினவனுக்கு ரத்தத்த தண்ணியாக்குற மாத்திரையா, யாராவது குடுப்பாங்களான்னு ஒரே சத்தம்.

யார் பேச்ச கேக்குறது? இதே மாதிரி யாராவது வீட்டுல இருக்கா? இன்னொண்ணு, இப்ப புது மாத்திரை வந்திருக்காமே, அடிக்கடி ரத்தம் எடுத்து பாக்க வேணாமாமே, அது குடுக்கலாமா? அப்புறம் அப்பாவோட ரத்தம் கெட்டின்னு சொல்றாங்க, ஆனா ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 13 தான் இருக்கு, அதுவும் புரியல. சொல்லுங்க ப்ளீஸ்.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா:

தங்கச்சி, மொதல்ல பயப்படாதம்மா. எனக்கே இந்த ஜாக்2 பாசிட்டிவ் தான், எனக்கு வந்தது லிவர்ல இருந்து வெளிய போற நரம்புல அடைப்பு, பட் கியாரின்னு சொல்வாங்க, அப்ப எனக்கு முப்பதுகள்ல வயசு, கைக்குழந்த வேற. இன்னிக்கு அந்தப் பையன் காலேஜ் போறான், நான் லோகோ ஒர்க்ஸ் பக்கத்துல டெய்லரிங் கடை வெச்சிருக்கேன். கேன்சர்ங்கிற வார்த்தைய கேட்டு அம்மா உடைஞ்சு போக வேணாம்னு சொல்லு. இது மெதுவா போற வகை, ஒழுங்கா மருந்து எடுத்துட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்க நிறைய பேர்.

எனக்கும் ரெண்டு டாக்டரும் ரெண்டு பக்கம் இழுத்தாங்க. கொஞ்சம் கூர்ந்து கேட்டப்ப தான் புரிஞ்சது, ரெண்டு பேரும் மாத்தி சொல்லல, ஒருத்தர் "வேணும்"னு சொல்றார், இன்னொருத்தர் "எப்ப"ன்னு சொல்றார். உங்க கேஸ்ல கூட பாரு, வயித்து டாக்டர் வேண்டவே வேண்டாம்னு சொல்லல, பேண்டிங் முடியட்டும்னு தானே சொல்லியிருக்கார்.

நான் என்ன பண்ணேன்னா ஒரே ஃபைல் போட்டேன். ஸ்கோப் ரிப்போர்ட், சிடி, பிளட் எல்லாம் தேதி வாரியா. ரத்த டாக்டர் கிட்ட போறப்ப வயித்து டாக்டர் எழுதினத காட்டி, சார் எந்தத் தேதில ஆரம்பிக்கலாம்னு இதுலயே எழுதுங்க, அவர் நம்பர் இதோ, ஒரு வார்த்த பேசிடுங்கன்னு நின்னுட்டேன். மொறச்சார், ஆனா பேசினார். நம்ம ஊர்ல கேட்டு நிக்கலன்னா ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாக்க மாட்டாங்க, அது தான் நிஜம்.

எனக்கு பேண்டிங் நடந்துட்டு இருந்தப்போ வயித்துல போடுற ஹெப்பரின் வகை ஊசி குடுத்தாங்க. அது சீக்கிரம் இறங்கிடும், பேண்டிங் நாள்ல நிறுத்தி திரும்ப போட வசதி. நரம்பு சுருங்கினப்புறம் மாத்திரைக்கு மாத்தினாங்க. உங்க அப்பாவுக்கும் இதே தான்னு நான் சொல்லல, அவருக்கு பழைய கட்டி, எனக்கு புதுசு. புதுசுன்னா உடனே ஆரம்பிப்பாங்க, பழசுன்னா நரம்ப சரி பண்ண கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கலாம்னு எனக்கு சொன்னாங்க.

பெரியப்பாவ கண்டுக்காத. எங்க மாமியாரும் இதே டயலாக் தான்.

---

காசிமேடு_தாத்தா:

யம்மா, பெரியப்பா சொல்றதுல இன்னா தப்பு கீது? எங்க ஏரியால ஒருத்தரு ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போட்டுக்கினு இருந்தாரு, வயித்துல புண்ணாயி ரத்தமா போயி பேஜாராயிடுச்சு. இங்கிலீஷ் மருந்துன்னா ஒண்ணு பண்ணா ஒண்ணு கெடுக்கும். பூண்டு தினம் நாலு பல்லு பால்ல வேக வெச்சு குடுங்கோ, ரத்தம் தானா இளகும், மாத்திரையே வாணாம். கேட்டா கேளுங்கோ, இல்லாங்காட்டி வுடுங்கோ.

---

நைட்_டூட்டி_சிஸ்டர்:

தாத்தா, பூண்டு குழம்பா வெச்சு சாப்பிடுங்க, நானும் சாப்பிடுவேன், அத யாரும் வேணாங்கல. ஆனா உள்ள இருக்கிற கட்டிக்கு பூண்டு மருந்து கிடையாது. பூண்டு கேப்ஸ்யூல் வாங்கி ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரையோட சேத்து போட்டா ரத்தக்கசிவு தான் கூடும். அந்த ஆஸ்பிரின் ஆளுக்கு நடந்தது நடக்கிற விஷயம் தான், அதனால தான் இவங்க அப்பாவுக்கு வயித்து டாக்டர் அவ்வளவு யோசிக்கிறார்.

நான் ரத்த நோய் வார்டுல நர்ஸ், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுட்டு படிங்க சிஸ்டர்.

பெரியப்பாவோட கேள்வி நியாயமானது தான், பதில் தான் அவருக்கு தெரியல. அப்பா ரத்தம் கக்கினது ரத்தம் தண்ணியா இருந்ததால இல்ல. எண்ணூர் ஹைவேல கன்டெய்னர் லாரி ரெண்டு குறுக்க நின்னா என்ன ஆகும், எல்லா வண்டியும் சந்து சந்தா பூந்து போகும், சந்து தாங்காது. அதே தான். குடல்ல இருந்தும் மண்ணீரல்ல இருந்தும் லிவருக்கு வர்ற ரத்தம் போர்ட்டல் வெயின் அடைச்சதால உணவுக்குழாய், இரைப்பை பக்கத்து சின்ன நரம்பு வழியா சுத்திப் போகுது, அழுத்தம் தாங்காம அது வீங்கி வெடிச்சது. மண்ணீரல் பெருசானதுக்கு இந்த வியாதியும் ஒரு காரணம், இந்த அழுத்தமும் ஒரு காரணம். ஆக, ஆரம்பமே ரத்தக்கட்டி. அந்தக் கட்டி கீழ குடல் நரம்புக்கு பரவினா குடலே செத்துப் போற நிலமை வரலாம், அதுக்கு பயந்து தான் ரத்த டாக்டர் அவசரப்படுறார்.

நரம்பு வெடிக்கிறதுக்கு முக்கிய காரணம் அழுத்தம். அத குறைக்கத் தான் கார்வெடிலால், நரம்ப இல்லாம ஆக்கத் தான் பேண்டிங். இந்த ரெண்டும் ஒழுங்கா நடந்தா அதுக்கு மேல ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கலாம்ங்கிறது தான் இப்ப பொதுவா ஒத்துக்கிற வழி. ஒண்ணும் பண்ணாம பெரிய நரம்ப அப்படியே வெச்சுக்கிட்டு மாத்திரைய ஆரம்பிக்கிறது தான் ஆபத்து, ஏன்னா வெடிச்சா ரத்தம் நிக்க நேரமாகும். பேண்டிங் போட்ட இடத்துல ரப்பர் விழுந்தப்புறம் சின்ன புண் இருக்கும், அது ஆற ரெண்டு மூணு வாரம் ஆகும், அந்த நாட்கள்ல தான் வயித்து டாக்டருக்கு பயம் அதிகம். பேண்டிங் ஒரே தடவைல முடியாது, சில வார இடைவெளில திரும்ப திரும்ப ஸ்கோப் பண்ணி நரம்பு மறையுற வரைக்கும் போடுவாங்க, மறைஞ்ச பிறகும் வருஷா வருஷம் பாக்கணும், வராம இருந்துடாதீங்க.

ஹீமோகுளோபின் 13 விஷயம். இது நிறைய பேர ஏமாத்துற இடம். மண்ணீரல் பெருசா இருந்தா ரத்த அணுக்கள அது பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல தண்ணி அளவும் கூடி ரத்தம் நீர்த்துத் தெரியும், அது போதாதுன்னு அப்பா வாந்தில வேற ரத்தம் இழந்திருக்கார், இரும்புச் சத்தும் போயிருக்கும். அதனால ரிப்போர்ட் நார்மலா இருக்கிற மாதிரி இருக்கும், உள்ள வியாதி ஓடிட்டு இருக்கும். இதுக்காகத் தான் லிவர் நல்லா இருந்தும் போர்ட்டல் வெயின் அடைச்சா, கவுண்ட் நார்மலா இருந்தாலும் ஜாக்2 பாக்கணும்னு சொல்றாங்க. லிவர் சுருங்கி கெட்டுப் போற சிரோசிஸ் இல்லாம போர்ட்டல் வெயின் அடைச்சவங்கள்ல பத்துல மூணு பேருக்கு, பட் கியாரில பத்துல நாலு பேருக்கு இந்த மாதிரி மஜ்ஜை நோய் ஒளிஞ்சிருக்கு. குடிகாரர்னு முத்திரை குத்தாம டெஸ்ட் எழுதின டாக்டருக்கு ஒரு கும்பிடு போடுங்க.

மாத்திரை ஒண்ண மட்டும் வெச்சு கட்டிய தடுக்க முடியாது, கவுண்ட்ட கட்டுப்பாட்டுல வைக்கிறது பாதி வேல. ஹீமட்டோக்ரிட்னு ரிப்போர்ட்ல ஒரு லைன் இருக்கும், பிசிவின்னும் போடுவாங்க, ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்னு காட்டும், அது 45க்கு கீழ இருக்கணும். இத்தாலில 365 பேர வெச்சு பண்ண ஆராய்ச்சி 2013ல வந்தது, 45க்கு கீழ வெச்சவங்கள விட 45ல இருந்து 50 வரைக்கும் விட்டவங்களுக்கு ரத்தக்கட்டி, ஹார்ட், பக்கவாதம் மாதிரி பெரிய பிரச்சனையும் அதனால சாவும் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இதுக்குத் தான் ரத்தம் எடுத்து விடுறது, கவுண்ட்ட குறைக்கிற ஹைட்ராக்ஸியூரியா மருந்து எல்லாம்.

இன்னொண்ணு, பிளேட்லெட் 10 லட்சத்த தாண்டினா உறையுறதுக்கு பதிலா ரத்தக்கசிவு வர்ற வகையும் உண்டு, அந்த நேரம் ஆஸ்பிரின் ஆபத்து. அதே போல பிளேட்லெட் 50 ஆயிரத்துக்கு கீழ போனா மாத்திரை அளவ திரும்ப யோசிப்பாங்க. அதனால ஒவ்வொரு தடவையும் கவுண்ட் பாக்காம எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

---

தண்டையார்பேட்டை_பொண்ணு:

அக்கா, சிஸ்டர், ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்த லாரி விஷயத்த அப்படியே பெரியப்பாவுக்கு படிச்சு காட்டினேன், மணலி பக்கம் வேல பாத்தவர் அவர், "ஓஹோ அப்படியா"ன்னு டீ குடிச்சிட்டு போயிட்டார். பிசிவி பாத்தேன், 42.

ஆனா இப்ப ஒரு டவுட். ஹீமோகுளோபின் கம்மின்னு தெருமுனை கிளினிக்ல ஒரு டாக்டர் இரும்பு டானிக் எழுதி குடுத்திருக்கார், அப்பா குடிச்சிட்டு இருக்கார். அது பரவாயில்லையா? ஆஸ்பிரினும் ஒண்ணு ஆரம்பத்துல எழுதியிருந்தாங்க, அசிட்ரோமோட சேத்து போடணுமா? புது மாத்திரை பத்தி யாரும் சொல்லல.

---

மூலக்கடை_மெடிக்கல்:

டானிக்க இன்னிக்கே நிறுத்துங்கன்னும் சொல்ல மாட்டேன், குடிங்கன்னும் சொல்ல மாட்டேன், நாளைக்கே ரத்த டாக்டருக்கு போன் போட்டு கேளுங்க. இந்த வியாதில இரும்பு குடுத்தா மஜ்ஜைக்கு தீனி போட்ட கணக்கா சிவப்பணு ஏறி பிசிவி 45 தாண்டிடும். ரத்தப்போக்கு ஆனவங்களுக்கு சில சமயம் தேவப்படும், ஆனா அத ரத்த டாக்டர் பாத்து அளவா குடுக்கணும். இன்னொரு தொல்லை, இரும்பு குடிச்சா மலம் கருப்பா போகும். உங்க அப்பாவுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சாலும் கருகருன்னு பிசுபிசுன்னு கெட்ட நாத்தத்தோட போகும். எது எதுன்னு வீட்டுல எப்படி கண்டுபிடிப்பீங்க?

ஆஸ்பிரினையும் அசிட்ரோமையும் சேத்து போட்டா ரத்தக்கசிவு ரிஸ்க் ஏறும். சில பேருக்கு சேத்து குடுக்க காரணம் இருக்கும், ஆனா பழைய சீட்டுல இருக்கேன்னு நீங்களா தொடரக் கூடாது, ரெண்டும் வேணுமான்னு வாய் திறந்து கேளுங்க.

புது மாத்திரைன்னா அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான் தானே. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாக்க வேணாம், கீரை சாப்பாடு தொல்லை இல்ல, விலையும் ஜெனரிக் வந்தப்புறம் நல்லா இறங்கியிருக்கு. லிவர் நல்லா வேல செய்யுறவங்களுக்கு இந்த மாதிரி அடைப்புல இப்ப நிறைய டாக்டர்ங்க எழுதுறாங்க, சீட்டுல நானே பாக்குறேன். லிவர் ரொம்ப கெட்டுப் போனவங்களுக்கு ஆகாது, கிட்னி பாத்து தான் அளவு. உறைதல் சம்பந்தமா ஏபிஎல்ஏன்னு ஒரு நோய் இருந்தா அதுக்கும் பழைய மாத்திரை தான் பாதுகாப்பு. ஒரு சங்கதி மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, புதுசோட பவர் ஒரு நாள்ல இறங்கிடும், ரெண்டு வேள மறந்தா கவசம் இல்ல. ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் வெறும் வயித்துல போடக் கூடாது, டாபிகாட்ரான் கேப்ஸ்யூல உடைச்சு கொட்டக் கூடாது.

அசிட்ரோம்னே முடிவாச்சுன்னா தினம் ஒரே நேரம், சாயங்காலம் வெச்சுக்கோங்க, ஐஎன்ஆர் 2ல இருந்து 3க்குள்ள இருக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க, உங்களுக்கு எவ்வளவுன்னு டாக்டர் எழுதித் தருவார். இதுல 1, 2, 3, 4 மில்லிகிராம்னு தனித்தனி அட்டை வரும், கடையில அவசரத்துல மாறலாம், அதனால வாங்கின உடனே அட்டைய திருப்பி பாருங்க, என் கடையா இருந்தாலும் பாருங்க. கீரைய நிறுத்த வேணாம், வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவாரோ அதே அளவு தொடரட்டும், ஒரு வாரம் முருங்கக்கீரை தினமும், அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஆட்டம் காட்டினா தான் ஐஎன்ஆரும் ஆடும்.

எல்லாத்த விட நான் கையெடுத்து கும்பிட்டு சொல்றது, காய்ச்சல் உடம்பு வலின்னு கடைல வந்து "ஒரு செட்டு குடுங்க"ன்னு கேக்காதீங்க. அந்த செட்டுல டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ ஏதாவது ஒரு வலி மாத்திரை பெரும்பாலும் இருக்கும், ரத்தம் உறையா மாத்திரையோட அது சேந்தா வயித்துல ரத்தம் தான். வலிக்கு பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படை அரிப்புக்கு ஃப்ளுகோனசோல், இது ரெண்டும் ஐஎன்ஆர ஜிவ்வுனு ஏத்தும். டிபி மருந்துல இருக்கிற ரிஃபாம்பிசின் அதுக்கு நேர் எதிர், மாத்திரையே வேல செய்யாம பண்ணிடும், புது மாத்திரைக்கும் அதே கதி. நம்ம பக்கம் டிபி அதிகம்ங்கிறதால சொல்றேன்.

---

பெரம்பூர்_லோகோ_அக்கா:

மெடிக்கல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். கார்வெடிலால் போட்டா சில பேருக்கு எழுந்து நின்னா தலை சுத்தும், நாடி ரொம்ப குறையும். எனக்கு 50க்கு கீழ போச்சுன்னா போன் பண்ணச் சொல்லியிருந்தாங்க. வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆகாது, அப்பாவுக்கு இழுப்பு இருந்தா உடனே சொல்லிடுங்க. அத திடீர்னு நிறுத்தவும் கூடாது.

அப்புறம் காப்பீட்டு கார்டு இருக்கா? முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வருது, எந்த சிகிச்சை அதுல வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல முன்னாடியே கேட்டுடு. ரெண்டு டாக்டரும் ஒரே கூரைக்கு கீழ வேணும்னா பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரி தான் லாபம்னு என் அபிப்பிராயம். பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லில வயித்து டிபார்ட்மென்ட் பேர் போனது, உங்க வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம் போல. வேலூர் சிஎம்சி போக நினைச்சா பெரம்பூர்ல ஏறி காட்பாடில இறங்கலாம், ஆனா ஐஎன்ஆர் பாக்குறதுக்கெல்லாம் அவ்வளவு தூரம் ஓட முடியாது, பக்கத்துல ஒரு இடம் இருந்தே ஆகணும்.

---

காசிமேடு_தாத்தா:

சரிம்மா சிஸ்டரு, நீ சொன்னா சரியாத் தான் இருக்கும். பூண்ட கொழம்புலயே போட்டுக்கினு போறேன். அந்தப் புள்ள அப்பாவுக்கு மீனு குடுக்கலாமா? வஞ்சிரம், சங்கரா?

---

நைட்_டூட்டி_சிஸ்டர்:

தாராளமா தாத்தா. பேண்டிங் போட்ட மொத சில நாள் மட்டும் முள்ளில்லாம, காரமில்லாம, மெத்துன்னு ஆறின சாப்பாடா இருக்கட்டும். அப்புறம் மீன் குழம்பே சாப்பிடலாம். மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் மட்டும் தன்னிச்சையா வாங்க வேணாம்.

தங்கச்சி, பிசிவி 42ன்னு பாத்து நிம்மதி ஆகிடாதீங்க, டானிக் குடிச்சதுக்கு அப்புறம் எடுத்ததா முன்னாடி எடுத்ததான்னு பாருங்க. அடுத்த ஸ்கோப்புக்கு முன்னாடியே ரத்த டாக்டர் கிட்ட போய், ஆரம்பிக்கிற தேதி, எந்த மாத்திரை, ஸ்கோப் நாள்ல நிறுத்தணுமா, இது மூணையும் எழுதி வாங்கிடுங்க. அது வரைக்கும் நீங்களா ஆரம்பிக்கவும் வேணாம், ஆரம்பிச்சப்புறம் பேதி, பல் வலின்னு நீங்களா நிறுத்தவும் வேணாம். கருப்பா மலம், ரத்த வாந்தி, மயக்கம், இல்ல திடீர்னு தாங்க முடியாத வயித்து வலி வந்தா காலைல பாத்துக்கலாம்னு விடாம நேரா 108, ஏறும்போது மாத்திரை அட்டையும் ஃபைலும் கைல இருக்கட்டும். எமர்ஜென்சில மொத கேள்வி என்ன மாத்திரை, கடைசியா எப்ப போட்டார்னு தான் கேப்பாங்க, அதப் பொறுத்து தான் மாத்து மருந்து. அசிட்ரோம்னா வைட்டமின் கே ஊசியும் பிளாஸ்மாவும் உதவும், புது மாத்திரைக்கு வைட்டமின் கே வேல செய்யாது.

---

தண்டையார்பேட்டை_பொண்ணு:

டானிக்குக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் சிஸ்டர். வியாழக்கிழம திரும்ப எடுக்கிறோம், அன்னிக்கே ரத்த டாக்டரையும் பாக்குறோம். வந்ததும் இங்கயே போடுறேன்.